பிளாஸ்டிக் கூரையும் நம் பிள்ளைகளின் பாதுகாப்பும்

(நமது அறக்கட்டளையின் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

  

கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, ஜகாத் வரவு செலவு ஆகிய கணக்குகள் அச்சிட்டு உங்கள் கையில் தரப்பட்டிருக்கின்றன. அவற்றை வாசித்து நேரத்தைக் கழிக்காமல், நிர்வாகக் குழு எடுத்திருக்கும் ஒரு முடிவை உங்களுக்கு விளக்கிச் சொல்லவே இந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறோம். உங்களில் சிலருக்கு அந்த முடிவில் வருத்தம் இருப்பது எங்களுக்குத் தெரியும். அதனால் காரணங்களைத் திறந்து சொல்வது கடமை.

நல்ல மனம் படைத்த சகோதரர்கள் சிலர் எங்களிடம் வந்தார்கள். பிளாஸ்டிக் கழிவை மறுசுழற்சி செய்து தயாரிக்கும் இலேசான கூரைத் தகடுகளும் தடுப்புப் பலகைகளும் தங்கள் செலவில் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். அதை வைத்து நிஸ்வான் மதரஸாவின் மொட்டை மாடியில் ஒரு வகுப்பறை கட்டலாம், மழைக்கு முன்னால் ஊர் ஓரத்தில் இருக்கும் ஏழைக் குடும்பங்களின் வீடுகளுக்குக் கூரை மாற்றிக் கொடுக்கலாம் என்பது அவர்கள் விருப்பம். அல்லாஹ் அவர்களுடைய நிய்யத்துக்குரிய கூலியை நிறைவாகக் கொடுப்பானாக.

நாங்கள் அதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டோம், ஒரு பகுதியை மறுத்துவிட்டோம். ஏன் என்று சொல்கிறோம்.

இந்தப் பொருளில் உள்ள நன்மை

முதலில் நியாயமாகப் பேசுவோம். பிளாஸ்டிக் கழிவைப் பயனுள்ள பொருளாக மாற்றுவது நல்ல காரியம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று நம் தோல் பகுதியில் வாழ்கிறவர்களுக்குக் கழிவு என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பாலாறு என்ன ஆனது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டும், சாக்கடை அடைப்பை எடுத்துப் பார்த்தால் கையில் வருவது அதுதான்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் அவர்கள் பிளாஸ்டிக் கழிவைச் சூடான ஜல்லியின் மேல் பூசித் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பால், ஜூஸ் அடைத்து வரும் டெட்ரா பேக் அட்டைகளை அரைத்து அழுத்தியும் கூரைத் தகடு செய்கிறார்கள். அந்த அட்டையில் காகிதமும் பாலித்தீனும் மெல்லிய அலுமினியமும் சேர்ந்திருக்கின்றன. இப்படிப்பட்ட தகடுகள் கனமில்லை, துருப்பிடிக்காது, மழை ஒழுகாது, தகரத்தைப் போல வெயிலில் கொதிக்காது. வேலூர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கைக்குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நாங்கள் அறிவோம்.

ஆனால் சாலையில் போட்ட பிளாஸ்டிக் ஜல்லியோடு ஜல்லியாகத் தரையில் கிடக்கிறது. கூரையில் போட்ட பிளாஸ்டிக் தூங்குகிற பிள்ளையின் தலைக்கு மேலே நிற்கிறது. பொருள் ஒன்றாக இருந்தாலும் அதை வைக்கும் இடத்தைப் பொறுத்து ஆபத்து மாறிவிடுகிறது.

தீயில் பிளாஸ்டிக் என்ன செய்யும்?

பாலித்தீன் பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஒரு கிலோ பாலித்தீன் எரிந்தால் வரும் வெப்பம், கிட்டத்தட்ட ஒரு கிலோ மண்ணெண்ணெய் எரிந்தால் வருகிற வெப்பம். காய்ந்த விறகைப் போல இரண்டரை மடங்கு. எரிவதைத் தடுக்கும் பொருள் எதுவும் சேர்க்காத பாலித்தீன் தகட்டைக் கூரையில் போடுவது, எரிபொருளைத் தகடாக்கி மேலே அடுக்கி வைப்பதற்குச் சமம்.

இரண்டாவது, அது உருகும். பாலித்தீன் 110 முதல் 130 டிகிரிக்குள் உருகிவிடும். தீ வந்து தொடுவதற்கு முன்னாலேயே, சூட்டில் தகடு தொய்ந்து தொங்கும். பிறகு எரிகிற துளிகளாகச் சொட்டும். அந்தத் துளி கீழே இருக்கும் பாய், துணி, புத்தகம் எல்லாவற்றையும் பற்ற வைக்கும். தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு எரியும். தட்டிவிட்டால் போகாது.

மூன்றாவதும் முக்கியமானதும் புகை. தீ விபத்துகளில் இறப்பவர்களில் பலர் தீ தொடுவதற்கு முன்னே புகையில் மயங்கி விழுந்தவர்கள். தெர்மாகோல் எரிந்தால் கண் தெரியாத அளவுக்குக் கரும்புகை வரும். பி.வி.சி. சட்டென்று பற்றாது, ஆனால் பற்றினால் நுரையீரலை அரிக்கும் அமிலப் புகை வரும். மெத்தையிலும் பஃப் பேனலிலும் இருக்கும் பாலியூரித்தேன் நுரை எரிந்தால் சயனைடு வாயுவே வரும். மறுசுழற்சிப் பலகையில் இவை எல்லாம் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று விற்பவருக்கே பல நேரம் தெரியாது. பழைய வாளி, பால் கவர், வயர் உறை, டி.வி. பெட்டி என்று கிடைத்ததெல்லாம் அரவைக்குப் போகிறது. இந்த மாதம் வந்த லோடு வேறு, அடுத்த மாதம் வரும் லோடு வேறு. புதிய பிளாஸ்டிக்கை விட இதில் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியது இதனால்தான்.

வேலூரிலேயே 2022 மார்ச் மாதம் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, ஒரு தந்தையும் அவருடைய மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே ஒரு வண்டியின் புகை, சிறிய வீடு ஒன்றில் இரண்டு உயிர்களை எடுத்துக்கொண்டது.

நாம் மறக்கக் கூடாத நாட்கள்

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஓலைக் கொட்டகை அதிகாலையில் எரிந்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். கல்யாண மண்டபத்தில் பந்தல் தீப்பிடித்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அதே ஆண்டு ஜூலை 16, கும்பகோணம். பள்ளிக்கூடத்தின் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியில் இருந்த சின்னஞ்சிறு பிள்ளைகள் குறுகிய படிக்கட்டில் இறங்க முடியவில்லை. 94 பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு கண்டிப்பாகச் சொன்னது. ஊர் ஊராகக் கீற்றைப் பிரித்தார்கள்.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். கும்பகோணத்தில் பிள்ளைகளைக் கொன்றது ஓலை மட்டும்தானா? தலைக்கு மேல் எரியக்கூடிய கூரை, பக்கத்தில் அடுப்பு, மாடியில் வகுப்பு, இறங்குவதற்கு ஒரு குறுகிய வழி. இந்த நான்கும் சேர்ந்தபோதுதான் 94 உயிர்கள் போயின. ஓலையை எடுத்துவிட்டு அதே மாடியில், அதே ஒற்றைப் படிக்கட்டில், எரியக்கூடிய வேறொரு கூரையைப் போட்டால் நாம் என்ன பாடம் படித்தோம்?

வெளிநாட்டிலும் இதே கதைதான். லண்டன் கிரென்ஃபெல் டவர், 24 மாடிக் கட்டடம். 2017 ஜூன் 14 நள்ளிரவு கழிந்து, நான்காவது மாடியில் ஒரு வீட்டு ஃபிரிட்ஜில் தொடங்கிய தீ, கட்டடத்துக்கு அழகுக்காகப் போர்த்தியிருந்த தகட்டில் பற்றி அரை மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டது. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் பாலித்தீன். அதுதான் அந்தப் போர்வை. 72 பேர் இறந்தார்கள். நம் சமுதாயத்துக் குடும்பங்கள் பல அங்கே இருந்தன. அது ரமலான் மாதம். ஸஹருக்காக விழித்திருந்தவர்கள் அக்கம்பக்கத்து வீட்டுக் கதவுகளைத் தட்டி எழுப்பியதாக அப்போதைய செய்திகள் சொல்லின. 2024 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை, அந்த இறப்புகள் எல்லாமே தவிர்த்திருக்கக் கூடியவை என்றும், அந்தப் பொருட்களைத் தயாரித்து விற்றவர்கள் தீ சோதனை விஷயத்தில் நேர்மையாக நடக்கவில்லை என்றும் சொன்னது.

நம் கடைத்தெருவில் ஏசிபி ஷீட் ஒட்டாத புதுக் கடை எத்தனை இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். மலிவு ஏசிபி பலவற்றில் நடுவில் இருப்பது மறுசுழற்சி செய்த பாலித்தீன்தான்.

2024 ஜூன் 12, குவைத்தின் மங்காஃப். தொழிலாளர்கள் தங்கியிருந்த ஆறு மாடிக் கட்டடத்தில் அதிகாலையில் தீ. அறைகளைப் பிரிக்க வைத்திருந்த தடுப்புகள் எளிதில் எரியக்கூடியவை என்றும், அதனால்தான் அவ்வளவு கரும்புகை வந்தது என்றும் அங்குள்ள தீயணைப்புத் துறையினர் கூறினார்கள். 45 இந்தியர்களின் உடல்கள் விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்து சேர்ந்தன. அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். பிள்ளைகளை அரபு நாட்டுக்கு அனுப்பிவிட்டுப் போன் மணிக்காகக் காத்திருக்கும் வீடுகள் இந்த மஹல்லாவில் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும்.

"பத்தாது" என்று கொளுத்திக் காட்டினால்?

தகடு விற்க வருகிறவர்கள் ஒரு வேடிக்கை காட்டுவார்கள். லைட்டரைக் கொளுத்திப் பலகையின் நடுவில் சில விநாடி பிடிப்பார்கள். கருப்பாகும், பற்றாது. "பார்த்தீர்களா பாய், ஃபயர் புரூஃப்" என்பார்கள்.

அதை நம்பாதீர்கள். கனமான பலகையின் நடுவில் சின்னச் சுடரைக் காட்டினால், அந்தச் சூடு பலகைக்குள் பரவிப் போய்விடும். பற்றுவதற்கு வேண்டிய வெப்பம் ஓர் இடத்தில் சேராது. மேலே அலுமினியம் ஒட்டியிருந்தால் சுடர் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கைத் தொடவே இல்லை. உண்மையான தீயில் அறை முழுவதும் கொதிக்கும். அறுத்த ஓரம், திருகு போட்ட ஓட்டை, வயர் நுழையும் துளை என்று எங்கெல்லாம் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறதோ அங்கெல்லாம் தீ நுழையும்.

இன்னொன்று. "ஃபயர் ரிடார்டன்ட்" என்றால் எரியாது என்று பொருள் இல்லை. தீப்பற்றுவதையும் பரவுவதையும் தாமதப்படுத்தும் மருந்து கலந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். "ஃபயர் ரெசிஸ்டன்ட்" என்றால் ஒரு சுவரோ கதவோ எத்தனை நிமிடம் தீயை இந்தப் பக்கம் வராமல் தாங்கும் என்ற கணக்கு. இரண்டும் வேறு வேறு.

ஆகவே வாங்குகிறவர் கேட்க வேண்டியது மூன்று கேள்விகள். அங்கீகாரம் பெற்ற சோதனைக் கூடத்தின் அறிக்கை இருக்கிறதா? அது இதே பொருளுக்கு, இதே கனத்துக்கு உரியதா, அல்லது அதே கம்பெனியின் வேறு பொருளுக்கு உரியதா? தீ பரவும் வேகம், வெளிவரும் வெப்பம், புகை, எரியும் துளி இந்த நான்கையும் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது? தண்ணீர் புகாது, கரையான் அரிக்காது, நூறு கிலோ தாங்கும் என்ற சான்றிதழ்கள் எல்லாம் சரிதான். அவை தீயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எங்களிடம் காட்டப்பட்ட தாள்களில் தீயைப் பற்றிய அறிக்கை இல்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

"மௌத்து எழுதப்பட்ட நேரத்தில்தான் வரும், இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு யோசனை?" என்று ஒரு பெரியவர் கேட்டார். தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் ஒப்படைப்பது என்று நமக்குக் கற்றுத் தந்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

தீயைப் பற்றி அவர்கள் தனியாகவே எச்சரித்திருக்கிறார்கள். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தவர்களோடு எரிந்துபோன செய்தி வந்தபோது, நெருப்பை உங்களுக்குப் பகையாக எண்ணித் தூங்கும் முன் அணைத்துவிடச் சொன்னார்கள். விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடக்கூடும் என்றும் காரணம் சொன்னார்கள். இந்த ஹதீஸ்கள் புகாரியில் பதிவாகியிருக்கின்றன. இன்று நம் வீட்டில் திரி இல்லை. ஆனால் பி.வி.சி. சீலிங்குக்கு மேலே வயர் ஓடுகிறது, அதன் மேலே எலியும் ஓடுகிறது. வயரைக் கடித்தால் அதே எச்சரிக்கைதான்.

இன்னொரு சகோதரர், "ஏழைகளுக்கு இருக்கிற கூரையே இல்லை, இதையாவது கொடுக்கலாமே" என்றார். இது மனதைத் தொடும் கேள்வி. நாங்கள் இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டோம். நமக்கே கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ள முடியாத ஒன்றைத் தர்மமாகக் கொடுக்க நாடக் கூடாது என்று அல்லாஹ் சூரத்துல் பகராவில் கட்டளையிடுகிறான். நம் சொந்த வீட்டில் பிள்ளைகள் படுக்கும் அறைக்கு இந்தத் தகட்டைப் போடுவோமா என்று குழுவில் ஒவ்வொருவரிடமும் கேட்டோம். ஒருவரும் ஆம் என்று சொல்லவில்லை. அதோடு கேள்வி முடிந்துவிட்டது.

அந்த வீடுகளில் ஆபத்தும் அதிகம். பல தாய்மார்கள் ஷூ கம்பெனியிலிருந்து மேல்பாகம் கொண்டுவந்து வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறார்கள். ஒட்டுகிற சொல்யூஷன் டப்பா, துண்டுத் தோல், ஃபோம், துணி எல்லாம் அதே அறையில். அடுப்பும் அதே அறையில். பிள்ளைகள் தூங்குவதும் அங்கேதான். டெல்லி அனாஜ் மண்டியில் 2019 டிசம்பர் 8 அன்று பை தைக்கும் பட்டறைகள் இருந்த கட்டடத்தில் தூங்கிக்கொண்டிருந்த 43 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலானோர் புகையில் போனவர்கள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த ஏழைகள். தொழிலும் தூக்கமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

நாங்கள் எடுத்த முடிவுகள்

ஒன்று: மதரஸாவின் மொட்டை மாடியில் இலேசுத் தகடு வகுப்பறை வேண்டாம். காங்கிரீட் போடும் அளவுக்கு நிதி சேரும் வரை தரைத்தளத்திலேயே காலை, மாலை என்று இரண்டு நேரமாக வகுப்பு நடக்கும். கட்டும்போது இரண்டாவது படிக்கட்டோடுதான் கட்டுவோம். படிக்கட்டு இல்லாத மாடிக்கு நன்கொடை கேட்டு உங்களிடம் வர மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

இரண்டு: நன்கொடையாளர்கள் சம்மதித்ததால், மறுசுழற்சிப் பொருளை மதரஸா வளாகத்து நடைபாதைக் கற்களுக்கும், திறந்த வெளியில் கட்டடத்தை ஒட்டாமல் போடும் பெஞ்சுகளுக்கும், செடித் தொட்டிகளுக்கும் பயன்படுத்துகிறோம். கழிவும் குறைகிறது, யாருடைய தலைக்கு மேலும் அது இல்லை.

மூன்று: ஏழை வீடுகளுக்குக் கூரை உதவி தொடரும். ஓடு அல்லது இரும்புத் தகடு போட்டு, மேலே வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு அடித்துக் கொடுப்போம். சூடு ஓரளவு தணியும். அடுப்பு இருக்கும் பக்கம் செங்கல் சுவர் வைத்துத் தருவோம். வயரிங் பார்த்து, மின்கசிவு ஏற்பட்டால் தானே அணைந்துவிடும் சுவிட்சும் பொருத்துவோம். இதனால் இந்த ஆண்டு கொடுக்கும் வீடுகளின் எண்ணிக்கை குறையும். அந்தக் குறையை உங்கள் ஸதகாவால்தான் நிரப்ப முடியும். கிராமப் பகுதியில் குடிசையில் இருப்பவர்களுக்கு அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் காங்கிரீட் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. மனு எழுத, ஆவணம் சேர்க்க நம் அலுவலகத்துக்கு வாருங்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை

ஏற்கெனவே ஃபைபர் ஷீட், யு.பி.வி.சி. தகடு, பச்சை நெட், ஃப்ளெக்ஸ் பேனர் போட்டிருப்பவர்கள் பயந்து நாளைக்கே பிரிக்க வேண்டியதில்லை. சில காரியங்களை மட்டும் இன்றே செய்யுங்கள். அதன் கீழே அடுப்பு, சிலிண்டர், இன்வெர்ட்டர் பேட்டரி வைக்காதீர்கள். வண்டியை அங்கே சார்ஜ் போடாதீர்கள். அதன் கீழே யாரும் படுக்க வேண்டாம். தகட்டில் ஆணி அடித்து வயரைத் தொங்க விடாதீர்கள். சொல்யூஷன் டப்பாவை மூடி, அடுப்பிலிருந்து விலக்கித் தனி இடத்தில் வையுங்கள். இரவில் வாசல் கதவின் சாவி எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடத்தில் இருக்கட்டும். படிக்கட்டில் சைக்கிளும் மூட்டையும் வைக்காதீர்கள்.

தீ பிடித்தால் பொருளைப் பார்க்காதீர்கள். குனிந்து, தேவைப்பட்டால் தவழ்ந்து வெளியே வாருங்கள். புகை மேலே நிற்கும், மூச்சுவிடக் காற்று தரையை ஒட்டி இருக்கும். வரும்போது அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். வெளியே வந்த பிறகு எதற்காகவும் திரும்பி உள்ளே போகாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101, அல்லது 112. இந்த எண்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். நம் மதரஸாவில் பருவத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை வரிசையாக வெளியேற்றிப் பழக்கும் பயிற்சி நடத்தவும் தீயணைப்புத் துறையிடம் கேட்டிருக்கிறோம்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. முகப்புக்கு ஏசிபி ஒட்டும்போது, மாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தின் ஜன்னலையும் படிக்கட்டு வாசலையும் அதைக் கொண்டு மூடிவிடாதீர்கள். அவர்களுக்கு அந்த ஜன்னல்தான் மூச்சு.

பெருமக்களே, பெற்றோர் நம்மை நம்பிப் பெண்பிள்ளைகளை மதரஸாவுக்கு அனுப்புகிறார்கள். அது அமானத். பரக்கத்தான இல்மோடு, பத்திரமாக வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதும் அந்த அமானத்தில் சேர்ந்தது. ஒரு வகுப்பறை ஒரு வருடம் தாமதமாவதால் வரும் குறையை நாம் பொறுத்துக்கொள்ளலாம்.

அல்லாஹ் நம் வீடுகளையும் மதரஸாக்களையும் தொழிற்கூடங்களையும் நெருப்பின் தீங்கிலிருந்து காப்பானாக. தீ விபத்துகளில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு, அவர்கள் எந்த மதத்தவராக இருந்தாலும், ஆறுதலைக் கொடுப்பானாக. உதவ முன்வந்த சகோதரர்களின் பொருளிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.